திராட்சைப் பள்ளத்தாக்கின் இரண்டாவது கோபுரம்

அந்த வருஷம் மார்ச் மாதத்தில் எங்கள் ஷார்ஜா ஃபிளாட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. ஸ்க்ரூடிரைவரை எடுத்து நானே ஒவ்வொன்றாகக் கழற்றியிருந்தேன். குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டைகள் மட்டும் இருந்தன. மகள் அவற்றில் பஞ்சை அடைத்து வைத்திருந்தாள்.

பிப்ரவரியில் ஒரு காலை அவள் அந்தக் குளியலறையில் விழுந்தாள். பள்ளிக்கூடத்தில் மாதிரித் தேர்வு நடந்துகொண்டிருந்த சமயம். முதலில் வாளி உருளும் சத்தம் கேட்டது. சோப்பு வழுக்கியிருக்கும் என்று நினைத்தேன். பிறகு கதவின் அடிப்பாகத்தில் கால் இடிபடும் சத்தம், விடாமல், ஒரே சீராக. மனைவி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. நான் தோளால் இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்து உள்ளே போனபோது நான் பார்த்ததை இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். வலிப்பு வந்த பிள்ளையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

டாக்டர் நிதானமான மனிதர். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார். ஒரு முறை வந்ததால் மறுபடி வந்தே தீரும் என்றில்லை. கொஞ்ச காலம் மாத்திரை, நல்ல தூக்கம், தனியாக நீந்தக் கூடாது. மற்றபடி படிக்கட்டும், நடக்கட்டும், எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்றார். மனைவி அதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். நான் 'வலிப்பு' என்ற சொல்லோடு நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் சில விதிகள் வந்தன. குளிக்கும்போது அவள் ஏதாவது சத்தம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஒன்று. பாட்டுப் பாடு, எதையாவது சொல், ஆனால் நிறுத்தாதே. முதல் இரண்டு நாள் முணுமுணுத்தாள். பிறகு பழிவாங்குகிற மாதிரி வேதியியல் தனிம அட்டவணையை உரக்க ஒப்பிக்கத் தொடங்கினாள். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம். நான் கதவுக்கு வெளியே பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் உட்கார்ந்திருப்பேன். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினாலும் எழுந்து நின்றுவிடுவேன்.

"அப்பா, சோடியத்துல நிக்கறேன். உயிரோட இருக்கேன்," என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை அவள் நன்றாகவே எழுதி முடித்தாள். கேள்வி அதற்கு அடுத்தது. எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகள் எல்லோரும் ஊருக்குத்தான் படிக்கப் போனார்கள். ஜூன் மாதம் வந்தால் வாசலில் பெட்டிகள் நிற்கும். இவளுக்குக் கோயம்புத்தூரில் கட்டடக்கலை படிக்க ஓர் இடம் ஏறக்குறைய உறுதியாகியிருந்தது. ஏப்ரல் முடிவதற்குள் வருகிறோமா இல்லையா என்று கல்லூரிக்குச் சொல்ல வேண்டும். ஹாஸ்டல் அறையில் ராத்திரி இவள் பக்கத்தில் யார் இருப்பார்கள்? ஷார்ஜாவிலேயே ஏதாவது பி.காம். படித்தால் என்ன? நான் மனதுக்குள் முடிவெடுத்துவிட்டேன். வெளியே "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவிக்கு என் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

"போகக் கூடாதுன்னா நீங்களே சொல்லிடுங்க. என் வாயால சொல்ல மாட்டேன்," என்றாள்.

இந்த நிலையில்தான் கீழே மளிகைக் கடை வைத்திருந்த பாய், ஓமனுக்கு ஒரு நாள் போய் வரலாம் என்றார். கீழக்கரைக்காரர். முவைலா பகுதியில் எங்கள் கட்டடம் எழும்பிய நாளிலிருந்து அந்தக் கடையும் இருந்தது. ஓமனில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் அவருடைய சின்னம்மா மகன் துணிக்கடை நடத்தினார். அங்கே இரவு தங்கி, காலையில் மலைக்குள் ஒரு பள்ளத்தாக்குக்குப் போகலாம். திராட்சைத் தோட்டமும் பழைய காவல் கோபுரங்களும் உண்டு. குழந்தைகளும் ஏறுகிற பாதைதான் என்றார். அந்த இடத்தைப் பற்றி ஏற்கெனவே என் காதில் விழுந்திருந்தது. எங்கள் ஆபீஸில் கூடாரம் போட்டுத் தங்கப் போகும் வெள்ளைக்காரர்கள் அதை 'ஒயின் வேலி', ஒயின் பள்ளத்தாக்கு, என்பார்கள்.

"ஒயினும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றார் பாய். "அந்தக் காலத்துல எவனோ ஊறப்போட்டு வச்சிருந்தானாம். இப்ப அவுக திங்கிறாக, காய வைக்கிறாக. நம்ம புள்ளைக்கு மனசு மாறும். உங்களுக்கும்தான். கண்ணாடியில மொகத்தப் பாத்தீகளா சார்? பத்து வருசம் பழைய பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கு."

வியாழன் மாலை அவருடைய ஃபோர் வீல் வண்டியில் கிளம்பினோம். பாய், அவர் மனைவி, நாங்கள் மூன்று பேர். மகளைப் பின் இருக்கையில் நடுவில் உட்கார வைத்தேன். கதவுப் பக்கம் வேண்டாம் என்று தோன்றியது.

*

காலையில் நாங்கள் பார்த்த பள்ளத்தாக்கு பெரியதல்ல. இரண்டு பக்கமும் தவிட்டு நிறத்தில் மொட்டை மலைகள். நடுவில் மட்டும் யாரோ பச்சைப் பாயை மடித்து வைத்த மாதிரி அடுக்கடுக்காகத் தோட்டங்கள். மேல் அடுக்குகளில் மரக்கொம்புப் பந்தல்களில் திராட்சைக் கொடிகள் படர்ந்திருந்தன. ஏப்ரல் என்பதால் பழம் இல்லை. இலைகள் இளசாக இருந்தன, கொத்துகள் கடுகு மாதிரி சின்னச் சின்ன மணிகளாகத் தொங்கின. தோட்டங்களின் ஓரமாக ஒரு வாய்க்கால் ஓடியது. ஃபலஜ் என்பார்கள். மலைக்குள்ளிருந்து வரும் தண்ணீரைச் சரிவு பார்த்து வெட்டி ஊருக்குள் கொண்டுவந்திருந்தார்கள். கை வைத்தால் சில்லென்றிருந்தது.

அந்தத் தண்ணீரைக் காக்கத்தான் மேலே கோபுரங்கள். ஊருக்கு மேலே முதல் கோபுரம், முகட்டின் மறு கோடியில் இரண்டாவது. இரண்டுக்கும் நடுவே இடுப்பளவு கல் மதில், பல இடங்களில் சரிந்து கிடந்தது. மதிலை ஒட்டியே பாதை. கீழே நின்று பார்த்தால் ஏறக்குறைய முழுப் பாதையும் தெரிந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் முகட்டுக்குப் பின்னால் வளைந்து மறைந்து, மறுபடி கோபுரத்தருகே வெளியே வந்தது.

பெண்கள் இருவரும் வாய்க்கால் ஓரம் மரநிழலில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பாயும் நானும் மகளும் ஏறினோம். பாய் கையில் உள்ளூர்க்காரர்கள் வைத்திருக்கிற மெல்லிய பிரம்பு ஒன்று இருந்தது. சின்னம்மா மகன் கொடுத்தது. படி வெட்டிய பாதை, அவசரமில்லாமல் ஏறினால் மூச்சு வாங்காது. மகள் முன்னால், நான் அவளுக்கு ஓரடி பின்னால், பாய் எங்களுக்குப் பின்னால்.

"சார், நீங்க மலையப் பாக்க வந்தீகளா, புள்ளையோட குதிகாலப் பாக்க வந்தீகளா?" என்றார் பாய்.

மகள் திரும்பாமலே சிரித்தாள்.

முதல் கோபுரம் வட்டமாக, கல்லும் மண்ணும் குழைத்துக் கட்டியது. கதவு இருந்த இடத்தில் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. அவள் சுற்றிச் சுற்றி வந்தாள், சுவரைத் தடவினாள், அதன் கனத்தை முழங்கையால் அளந்தாள். சுவர் ஏன் கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருக்கிறது என்று பாயிடம் விளக்கினாள். பாய் பக்தியோடு கேட்டுவிட்டு, "நம்ம கடைச் செவுரு மேலயும் கீழயும் ஒண்ணாத்தான் இருக்கு. அதான் ஏசி வச்ச பக்கம் பொளந்துருச்சு போல," என்றார்.

அங்கிருந்து அவள் இரண்டாவது கோபுரத்தைப் பார்த்தாள்.

"அப்பா, நான் மட்டும் அது வரைக்கும் போயிட்டு வரட்டா?"

"நானும் வரேன்."

"நான் மட்டும்பா. ப்ளீஸ்."

பாய் மதிலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வேறு பக்கம் பார்த்தார். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிப்ரவரிக்குப் பிறகு அவள் எங்கேயும் தனியாகப் போனதில்லை. கீழே பாய் கடைக்குத் தயிர் வாங்கப் போனால்கூட நான் பால்கனியில் நிற்பேன். 'முடியாது' என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாதை அவ்வளவு லேசாக, அவ்வளவு வெட்டவெளியாகக் கிடந்தது. அதைக் காட்டி என்ன காரணம் சொல்வது என்று தெரியவில்லை.

"சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு," என்றேன். "ஏதாவது சரியில்லைன்னா ரெண்டு."

இதை இப்போதைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கும். வளைகுடாவில் அப்போது நாங்கள் பாதி வாழ்க்கையை மிஸ்டு காலில்தான் நடத்தினோம். ஒரு முறை ஒலித்து நின்றால் கம்பெனி பஸ் கீழே வந்துவிட்டது. மனைவி ஒரு முறை அடித்தால் சாப்பாடு தயார். தொழிலாளர் முகாம்களில் இருக்கும் ஆட்கள் இரவில் ஊருக்கு ஒரு முறை அடித்து நிறுத்துவார்கள், நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். யாரும் எடுக்க மாட்டார்கள். எடுத்தால்தான் திட்டு விழும்.

அவள் போனாள். நான் மதிலோரம் நின்று பார்த்தேன். நீல நிறத் துப்பட்டா சிறிதாகிக்கொண்டே போனது. நடுவில் ஒரு முறை நின்று கீழே தோட்டங்களைப் பார்த்தாள். பிறகு நடந்தாள். வளைவு வந்தது, மறைந்தாள். அதற்கு அப்பால் நான் நின்ற இடத்திலிருந்து கோபுரத்தின் உச்சி மட்டுமே தெரிந்தது.

"நான் எறங்குறேன் சார். கீழ ரெண்டு பேரும் என்னத்தப் பேசுறாகளோ, நம்ம தலைதான் உருளும்," என்று பாய் பிரம்பை ஊன்றிக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். கோபுர நிழலில் சிக்னல் வந்து வந்து போனது, அதனால் வெயிலில் நின்றேன். நிற்க நிற்க, வளைவுக்கு அப்பால் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துத் தப்பாகவே போட்டேன். போன் ஒலித்தது. ஒரு முறை, நின்றது. சேர்ந்துவிட்டாள். நான் மூச்சு விட்டேன். அன்று முதல்முறையாகப் பள்ளத்தாக்கைப் பார்த்தேன் என்றுகூடச் சொல்லலாம். பந்தலுக்கு அடியில் யாரோ ஒருவர் மண்வெட்டியால் வாய்க்காலின் மடையைத் திறந்துகொண்டிருந்தார். தண்ணீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குப் போவது அவ்வளவு உயரத்திலிருந்தும் பளபளத்துத் தெரிந்தது.

போன் மறுபடி ஒலித்தது. ஒரு முறை. நின்றது.

இரண்டு.

திரும்ப அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் அரபியில் சொல்லிவிட்டு ஆங்கிலத்திலும் சொன்னது. முழுதும் கேட்காமலேயே ஓட ஆரம்பித்தேன்.

நான் ஓடுகிற ஆள் இல்லை. கம்பெனி கணக்குப் பிரிவில் நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு பெருத்தவன். கால்களில் ஆபீஸ் ஷூ. மதில் சரிந்த இடங்களில் கற்கள் உருண்டன. ஒரு கல்லில் வலது கால் மடங்கியது தெரிந்தது, வலி தெரியவில்லை. வாளி உருளும் சத்தம் மட்டும் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. வளைவைத் தாண்டினேன். கோபுரம் எதிரே நின்றது. வெளியே அவள் இல்லை.

பொந்துக்குள் குனிந்தேன். உள்ளே அரையிருட்டில் அவளுடைய பாதங்கள் தெரிந்தன. தரையில் கிடந்தாள்.

பொந்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

பாதங்களில் ஒன்று அசைந்து, மற்றதன் மேல் ஏறி உட்கார்ந்தது.

"அப்பா? வந்துட்டீங்களா," என்றாள். ஏமாற்றம் கொஞ்சம் இருந்தது அந்தக் குரலில். "சரி, உள்ள வாங்க. இங்க படுத்துட்டு மேல பாருங்க. கூரை இல்ல. வானம் ரவுண்டா இருக்கு."

நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் எழுந்து பார்த்து, என் முகத்தைக் கண்டதும் ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு என் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினாள், தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தாள், "மெதுவா, ஒவ்வொரு வாயா," என்றாள். என் முதுகில் கை வைத்துக்கொண்டே இருந்தாள். நான் மூச்சு விடுவதை அவள் கவனித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. இத்தனை நாள் நான் அவளைக் கவனித்த அதே மாதிரி.

"ரெண்டு மிஸ்டு கால் கொடுத்தியே," என்றேன், பேச்சு வந்ததும்.

"ஒண்ணுதான்பா கொடுத்தேன்."

என் போனை வாங்கிப் பார்த்தாள். ஓமன் எல்லை தாண்டியதிலிருந்து அதில் யார் அழைத்தாலும் எண் வரவில்லை. வெறும் 'கால்' என்று மட்டுமே காட்டியது. இரண்டும் அப்படித்தான் இருந்தன. அவள் யோசித்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்பா, சாப்பாடு ரெடி," என்றாள்.

இரண்டாவது அவள் அம்மா. கீழே சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துவிட்டு, வீட்டில் செய்வதுபோலவே எனக்கு ஒன்று அடித்திருக்கிறாள்.

எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்குள் கால் வலிக்கத் தொடங்கியிருந்தது. அவள் ஷூவைக் கழற்றினாள். கணுக்கால் எலுமிச்சம்பழம்போல வீங்கியிருந்தது. துப்பட்டாவை மடித்து இறுக்கிக் கட்டினாள். தலை குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டே பேசினாள்.

"ஹாஸ்டல்ல வந்துட்டா என்ன பண்றதுன்னுதான நினைக்கறீங்க? ஸ்கூல்ல என் பெஞ்சுல இருக்கற ரெண்டு பேருக்கும் சொல்லி வச்சிருந்தேன். எக்ஸாம் அப்பவே. ஒருக்களிச்சுப் படுக்க வை, சுத்தி இருக்கற சாமான எடு, நிக்கற வரைக்கும் டைம் பாரு. வாய்ல எதையும் வைக்காத. கைல சாவிக் கொத்தைத் திணிக்காத."

கடைசியைச் சொல்லும்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிப்ரவரியில் அவள் விழுந்த அன்று காலை நான் வண்டிச் சாவி, வீட்டுச் சாவி, ஆபீஸ் மேஜைச் சாவி எல்லாவற்றையும் அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தியிருந்தேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். எம்.காம். படித்தவன் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

"முழிச்சுப் பாத்தா கையெல்லாம் சாவித் தடம். அதான் ரொம்ப வலிச்சுது," என்றாள்.

"பயமா இல்லையா உனக்கு?"

"இருக்கு." முடிச்சை இழுத்துச் சரிபார்த்தாள். "உள்ள படுத்தப்ப முதல்ல ரொம்ப பயமா இருந்துச்சு. யாரும் பாக்கலயேன்னு. கொஞ்ச நேரத்துல அதே நல்லா இருந்துச்சு. யாரும் பாக்கல."

நான் எழுந்து நிற்கப் பார்த்தேன். முடியவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்கிறேன் என்றாள். வேண்டாம், பயந்துவிடுவாள் என்றேன். அவள் ஷூவை எடுத்து என் பக்கத்தில் வைத்தாள்.

"அப்ப நானே போய் பாய் மாமாவோட கம்பை வாங்கிட்டு வரேன்," என்றாள். "போன் எதுவும் பண்ண மாட்டேன். போவேன், வருவேன். அவ்ளோதான்."

என்னால் அவள் பின்னால் போக முடியாது. பாதையும் வளைவும் அப்படியே இருந்தன. அவள் நின்று காத்திருந்தாள். வேண்டுமானால் நான் மறுத்திருக்கலாம். பாய் எப்படியும் தேடிக்கொண்டு வந்திருப்பார்.

"போயிட்டு வா," என்றேன்.

அவள் வளைவில் மறைந்ததும் போனைப் பார்க்கக் கூடாது என்று அதைச் சட்டைப் பைக்குள் போட்டேன். சுவரில் சாய்ந்துகொண்டேன். கல் வெயில் ஏறிக் கதகதப்பாக இருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து பள்ளத்தாக்கின் கடைசி அடுக்குகள் தெரிந்தன. கொடிகளுக்குக் கீழே ஆடுகள் போகாமல் முள்ளை அடைத்திருந்தார்கள். இந்தக் கோபுரத்தில் ஒரு காலத்தில் யாரோ இரவும் பகலும் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் தண்ணீர் ஓடியது என்றில்லை, அது பாட்டுக்கு ஓடியது என்று ஒரு எண்ணம் வந்தது. அது சரியா என்று தெரியவில்லை. மனம் அடங்கியது என்றும் சொல்ல மாட்டேன். அவள் எங்கே விழுந்து கிடக்கிறாளோ என்று நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். நினைத்துக்கொண்டே ஆடுகளையும் பார்க்க முடிந்தது, அவ்வளவுதான்.

பிரம்போடு வந்தாள். சாவகாசமாக, வழியில் மதிலின் கற்களை நின்று நின்று பார்த்துக்கொண்டு. பின்னால் வெகு தூரத்தில் பாய் முழங்காலைப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "சார், புள்ளைக்குத் தொணைக்கு வந்தீகளா, புள்ள ஒங்களுக்குத் தொணைக்கு வந்துச்சா?"

இறங்கி வர நேரம் பிடித்தது. மரநிழலில் மனைவி என் காலைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், தட்டுகளை எடுத்தாள். புளியோதரை, தயிர்சாதம், பாய் வீட்டிலிருந்து கோழி வறுவல். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். மகள் முதல் கோபுரத்துக்கும் இரண்டாவதற்கும் சுவர் கட்டியதில் என்ன வித்தியாசம் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாயின் மனைவி அவள் தட்டில் வறுவலை வைத்தபடி, பேச்சுக்குப் பேச்சாகக் கேட்டார்: "இதெல்லாம் படிக்கத்தான் போறியாம்மா? எந்த ஊரு காலேசு?"

மகள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோயம்புத்தூர்," என்றேன். "ஜூன்ல போறா. நாளைக்குக் காலேஜுக்குச் சொல்லிடணும்."

மனைவியின் கையில் தயிர்சாதக் கரண்டி அப்படியே நின்றது. பிறகு அதை என் தட்டில் கவிழ்த்தாள், வழக்கத்தைவிடக் கூடுதலாக. மகள் குனிந்து சாப்பிடத் தொடங்கினாள், வேகமாகச் சாப்பிட்டாள். கோயம்புத்தூரில் குளிர் உண்டா என்று பாயின் மனைவி கேட்டார். உண்டு, மார்கழியில் ஸ்வெட்டர் வேண்டும் என்று மனைவி சொன்னாள். பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

நான் தட்டை மடியில் இறக்கி வைத்துக்கொண்டு, மகளின் கை தட்டுக்கும் வாய்க்கும் போய் வருவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.